ஒரு மலைப் படம் 1,100 கோடி ரூபாயா? செசான் அப்படி என்னதான் வரைந்தார்? கழுகுமலையை வைத்தே புரிஞ்சுக்கலாம்!

2022 நவம்பர் 9. நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நிறுவனத்தின் ஏலம். மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களில் ஒருவரான மறைந்த பால் ஆலன் சேர்த்து வைத்திருந்த ஓவியங்கள் ஒவ்வொன்றாக ஏலத்துக்கு வந்தன. அதில் ஒன்று, பிரெஞ்சு ஓவியர் பால் செசான் 1888-90 காலகட்டத்தில் வரைந்த ஒரு மலைக் காட்சி. விலை 13 கோடியே 78 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம்ம ஊர் கணக்குக்கு 1,100 கோடி ரூபாயைத் தாண்டும்.

படத்தில் சாமி இல்லை, ராஜா இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. ஒரு மலை. அதுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் சமவெளி. அவ்வளவுதான்.

"இதை நானே வரைஞ்சிருப்பேனே"ன்னு நிறைய பேருக்குத் தோணும். தப்பில்லை. நியாயமான கேள்விதான். அதிலும் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க மற்ற ஊர்களைவிட கோவில்பட்டிக்கு உரிமை ஜாஸ்தி. ஏன்னா, ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீட்டுச் சுவர்களில் காலண்டராகத் தொங்கிய சாமி படங்களில் ஏராளமானவை உருவான ஊர் அது. அந்தச் சாமிகளுக்குப் பின்னாலும் மலை இருந்தது.

கோவில்பட்டி காலண்டரில் இருந்த மலைக்கும் செசான் வரைந்த மலைக்கும் என்ன வித்தியாசம்? வாங்க பார்க்கலாம்.

யார் இந்த செசான்? அது எந்த மலை?

பால் செசான் 1839-ல் பிரான்ஸின் தெற்குப் பகுதியில் உள்ள ஏக்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா தொப்பி வியாபாரம் பண்ணி, பிறகு வங்கி நடத்தும் அளவுக்கு வளர்ந்தவர். மகன் வக்கீலாகணும் என்பது அவர் ஆசை. மகன் சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுட்டு, ஓவியம் கற்க பாரிஸுக்குப் போனார்.

பாரிஸ் அவரை வரவேற்கவில்லை. பெரிய ஓவியப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. அரசு நடத்திய வருடாந்திரக் கண்காட்சிக்கு அனுப்பிய படங்கள் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டன. கடைசியில் சொந்த ஊர்ப் பக்கமே வந்து சேர்ந்தார். 1886-ல் அப்பா இறந்ததும் சொத்து கைக்கு வந்தது. படம் விற்றுத்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலை இல்லை. அதனால் யாருக்கும் பிடிக்க வேண்டும் என்ற கவலை இல்லாமல், தனக்குத் தோன்றியதை வரைந்தார்.

அப்படி அவர் திரும்பத் திரும்ப வரைந்தவற்றில் ஒரு மலையும் உண்டு. ஏக்ஸ் ஊருக்குக் கிழக்கே நிற்கும் சாந்த் விக்துவார். உயரம் 1,011 மீட்டர். சுண்ணாம்புக் கல் மலை. ஆல்ப்ஸ் மாதிரி பனி மூடிய பிரம்மாண்டம் எல்லாம் கிடையாது. சுற்றிலும் வெயில் காயும் நிலம், செம்மண், பைன் மரங்கள். எண்ணெய் வண்ணத்தில் மட்டும் இந்த மலையை 30 தடவைக்கு மேல் வரைந்திருக்கிறார். வாட்டர் கலரில் வரைந்தது தனி.

1906 அக்டோபரில் வெளியே நின்று வரைந்துகொண்டிருந்தபோது மழையில் சிக்கி மயங்கி விழுந்தார். ஒரு வாரத்துக்குள் இறந்துபோனார். வயது 67.

போஸ்ட் இம்ப்ரஷனிசம்னா என்ன?

பேரைக் கேட்டதும் பயந்துடாதீங்க. விஷயம் எளிது.

1860-களில் இருந்தே மோனே, ரென்வார், பிசாரோ போன்றவர்கள் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து வரைய ஆரம்பித்தாங்க. காலை வெயில், ஆற்றுத் தண்ணியில் ஆடும் ஒளி, ரயிலடிப் புகை என அந்த நொடியில் கண்ணில் பட்டதை வேகமாகப் பிடித்தாங்க. அதுதான் இம்ப்ரஷனிசம். தமிழில் மனப்பதிவியம் என்பார்கள். 1874-ல் நடந்த அவர்களின் முதல் கண்காட்சியில் செசானும் இருந்தார்.

ஆனால் அவருக்கு ஒரு குறை தெரிந்தது. ஒளியைப் பிடிக்கப்போய், பொருளின் கனம் கரைந்துபோகிறது. மலை என்பது அந்த நொடியோடு முடிகிற விஷயம் இல்லையே. ஒளி மாறினாலும் மலை அங்கேயேதான் நிற்கிறது. ஒளியும் வேணும், கனமும் வேணும். இதுதான் செசானின் பிரச்சினை.

இப்படி இம்ப்ரஷனிசத்தில் இருந்து கிளம்பி, ஆளுக்கொரு திசையில் போனவர்கள்தான் செசான், வான்கா, கோகன், சூரா. வான்கா உணர்ச்சியின் பக்கம் போனார். கோகன் தட்டையான அடர்ந்த நிறங்களின் பக்கம். சூரா புள்ளிகளின் பக்கம். செசான் கட்டுமானத்தின் பக்கம். இவர்கள் யாரும் தங்களுக்கு போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட் என்று பேர் வைத்துக்கொள்ளவில்லை. 1910-ல் லண்டனில் ஒரு கண்காட்சி நடத்திய ராஜர் ஃப்ரை என்ற விமர்சகர் வைத்த பேர் அது. அப்போது இந்த நான்கு பேரும் உயிரோடு இல்லை.

நமக்குப் பழகிய மலை எது?

செசானின் மலை ஏன் விநோதமாகத் தெரிகிறது என்று புரிய, நம்ம கண்ணுக்குப் பழகிய மலை எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும்.

கோவில்பட்டி காலண்டர் ஓவியத்தின் பெரிய பெயர் சி.கொண்டையராஜு. 1898-ல் பிறந்தவர், 1976-ல் மறைந்தவர். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரை எழுதியவர். 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ்.சுப்பையா, எம்.ராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரிடம் உருவானாங்க. பக்கத்திலேயே சிவகாசி அச்சகங்கள். இங்கே வரைந்த படம் அங்கே அச்சாகி, ஜவுளிக்கடை, நகைக்கடை பேர் போட்டு, தமிழ்நாடு முழுக்க வீட்டுக்கு வீடு போனது.

நாடகத் திரையில் ஒரு ரகசியம் உண்டு. துணி தட்டையானது. ஆனால் அதில் தெரு நீளமாகப் போகணும், காடு ஆழமாகத் தெரியணும். அதுக்கு ஐரோப்பியக் கல்விமுறை ஓவியம் வைத்திருந்த விதிகள் உதவின. கிட்ட இருப்பது பெரிசு, தூர இருப்பது சின்னது. கிட்ட இருப்பது தெளிவு, தூர இருப்பது மங்கல். தூரத்து மலைக்கு வெளிர் நீலம். எல்லாக் கோடும் போய்ச் சேர ஒரு புள்ளி.

காலண்டரிலும் இதே கணக்குதான். முன்னால் முருகனோ சிவனோ பளிச்சென்று நேருக்கு நேர் நம்மைப் பார்ப்பார். பின்னால் வெளிர் நீலத்தில் பனிமலை, அருவி, தடாகம், பூந்தோட்டம். மலையின் வேலை பின்னால் அமைதியாக நிற்பது. நம்ம கண் சாமியின் முகத்துக்குப் போகணும், மலை குறுக்கே வரக்கூடாது.

இன்னொன்றையும் கவனிங்க. வானம் பார்த்த பூமியான கரிசலில் உட்கார்ந்து வரைந்தவர்கள், வரைந்தது என்னவோ வற்றாத அருவியும் பச்சைத் தோட்டமும். இல்லாததைத்தானே மனசு கேட்கும்!

செசான் உடைத்தது இந்தப் பள்ளிக்கூட விதிகளைத்தான். அவர் விட்டுட்டு வந்த பாணி, இங்கே பல வருஷம் கழிச்சும் உயிரோடு இருந்து, வேற ஒரு வேலையை அருமையாகச் செய்தது.

செசான் என்ன மாற்றினார்? நான்கு விஷயம்

1. மலையின் அளவு

உங்க போனை வைத்தே இதைச் சோதிக்கலாம். கோவில்பட்டியில் இருந்து சங்கரன்கோவில் ரோட்டில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் கழுகுமலை. சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் பாறை. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்கு கம்பீரமாகத் தெரியும். அதே இடத்தில் நின்று போனில் ஒரு போட்டோ எடுங்க. மலை சுருங்கிப் போயிருக்கும். பௌர்ணமி நிலாவை எடுத்தாலும் இதே கதைதான், சின்னப் பொட்டு மாதிரி வரும்.

காரணம் என்ன? போனின் மெயின் கேமரா அகலமான காட்சியை ஒரு சின்னச் சட்டத்துக்குள் அடைக்கிறது. அதுக்கு மலையும் ஒன்று, கரண்ட் கம்பமும் ஒன்று. நம்ம கண் அப்படி இல்லை. எது முக்கியமோ அதன் மேல் போய் நிற்கிறது. மனசு அதுக்கு எடை கூட்டுகிறது.

செசான் நின்ற இடங்களில் இருந்து பிற்காலத்தில் போட்டோ எடுத்து, ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்காங்க. போட்டோவில் மலை சின்னதாக, தூரமாக இருக்கிறது. ஓவியத்தில் பெரிதாக, பக்கத்தில் நிற்கிறது. அவருக்கு அளவு தெரியாமல் இல்லை. கேமராவுக்குத் தெரிவதை விட்டுட்டு, மனுஷனுக்குத் தெரிவதை வரைந்தார்.

2. நிழலுக்குப் பதில் நிறம்

பழைய முறையில் ஒரு பொருளை உருண்டையாகக் காட்ட, ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கறுப்பு சேர்த்த நிழல். செசான் நிழலுக்குக் கறுப்பை நம்பவில்லை. மஞ்சள், காவி, இளஞ்சிவப்பு போன்ற சூடான நிறங்கள் நம்மை நோக்கி முன்னால் வருகிற மாதிரி தெரியும். நீலம், ஊதா பின்னால் போகிற மாதிரி தெரியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே மலையின் மேடு பள்ளத்தைக் கொண்டுவந்தார்.

சங்கரன்கோவில் பக்கம் இருந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும், இல்லையா? நடுவில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. காலண்டர் மலையின் வெளிர் நீலமும் இந்த விதிதான். செசான் என்ன செய்தார் தெரியுமா? தூரத்து மலையில் இளஞ்சிவப்பைத் தொட்டார். பக்கத்து வயலில் நீலத்தை வைத்தார். அதனால் மலை முன்னால் வருகிறது, வயல் கொஞ்சம் பின்னால் போகிறது. இரண்டும் ஒரே துணியில் நெய்த மாதிரி ஒட்டிக்கொள்கிறது.

3. கிட்டவும் தூரமும் கைகோர்ப்பது

1887 வாக்கில் வரைந்த ஒரு சாந்த் விக்துவார் படம் லண்டனில் கோர்ட்டால்ட் கேலரியில் இருக்கிறது. முன்னால் ஒரு பெரிய பைன் மரம். அதன் கிளை வளைவைப் பாருங்க. பல மைல் தள்ளி நிற்கும் மலையின் முகட்டுக் கோடு எப்படி வளைகிறதோ, அதே வளைவில் கிளையும் போகிறது. கையெட்டும் தூரத்தில் இருக்கும் கிளையும் தொலைவில் இருக்கும் மலையும் ஒரே தாளத்தில்.

படத்தின் வலது பக்கம் ஒரு ரயில் பாலம் கூட இருக்கிறது. மலையைப் புனிதமாகக் காட்ட, புதுசாக வந்த ரயிலை அவர் மறைக்கவில்லை. ஊரில் இருந்ததை இருந்தபடி சேர்த்துக்கொண்டார்.

4. திட்டுத் திட்டான பெயிண்ட், விட்டுப்போன வெள்ளை

1902-க்குப் பிறகு, ஏக்ஸ் ஊருக்கு வடக்கே லோவ் என்ற மேட்டில் கட்டிய ஸ்டூடியோ பக்கம் இருந்து வரைந்த படங்கள் இன்னும் துணிச்சலானவை. வீடு எது, மரம் எது என்று பிரிக்க முடியாது. பச்சை, காவி, நீலத்தில் சின்னச் சின்னத் திட்டுகள். சில இடங்களில் வெறும் கேன்வாஸ் அப்படியே தெரியும். மலையின் விளிம்பு கோடாக மூடாமல், வானத்தோடு கலந்து திறந்து கிடக்கும்.

போனில் இந்தப் படத்தைத் தேடி எடுத்து, ஜூம் பண்ணிப் பாருங்க. வெறும் திட்டுகள்தான். இப்போ கையை நீட்டி போனைத் தள்ளி வைத்துப் பாருங்க. திட்டுகள் சேர்ந்து வயலாகும், வயலுக்குப் பின்னால் மலை எழும்பும். படத்தை முடித்துவைப்பது பார்ப்பவரின் கண். செசான் அந்த வேலையில் ஒரு பங்கை நமக்கு விட்டுவைத்தார்.

முடிக்காத வேலை நம்ம பக்கம் புதுசும் இல்லை. கழுகுமலை வெட்டுவான் கோயில் 8-ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்ட கோயில். போய்ப் பார்ப்பவர் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. பாறையில் இருந்து கோயில் வெளியே வரும் அந்த நிலைதான் நம்மை நிற்க வைக்கிறது.

ஏன் ஒரே மலை, திரும்பத் திரும்ப?

இதுக்குப் பதில் கோவில்பட்டிக்காரங்களுக்கு நல்லாவே தெரியும். பக்கத்து இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன், 1923-ல் பிறந்து 2021-ல் மறையும்வரை எதை எழுதினார்? பெரும்பாலும் அதே கரிசலை, அதே சம்சாரிகளை, அதே பேச்சை. அந்தப் பேச்சுக்கு ஒரு வட்டார வழக்கு அகராதியே தொகுத்தார். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் அது சலிக்காது, ஆழமாகும் என்பதற்கு நம்ம மொழியிலேயே உள்ள சாட்சி அவர்.

செசானும் அப்படித்தான். இடத்தைக் கொஞ்சம் மாற்றி நின்றாலே, தலையைச் சற்றுத் திருப்பினாலே புதுப் படம் கிடைத்தது அவருக்கு.

சரி, அதுக்காக 1,100 கோடியா?

ஓவியத்தின் விலையும் ஓவியத்தின் தரமும் ஒரே விஷயம் இல்லை. விலைக்குக் காரணங்கள் தனி.

முதல் காரணம், தாக்கம். செசான் இறந்த அடுத்த வருஷம், 1907-ல், பாரிஸில் அவர் படங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. ஒரு காட்சியைப் பல கோணங்களில் துண்டு துண்டாகப் பார்த்துக் கட்டலாம் என்பதை பிக்காஸோவும் ப்ராக்கும் அவரிடம் இருந்து எடுத்துக்கொண்டாங்க. அதில் இருந்துதான் க்யூபிசம் பிறந்தது. பிக்காஸோ 1958-ல் அந்த மலையடிவாரத்திலேயே ஒரு கோட்டையை வாங்கினார். 1973-ல் இறந்தபோது அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாவது, தட்டுப்பாடு. சாந்த் விக்துவார் படங்களில் பெரும்பாலானவை மியூசியங்களுக்குள் போய்விட்டன. அவை விற்பனைக்கு வராது. தனியார் கையில் இருக்கும் ஒன்று வெளியே வந்தால் போட்டி பலமாக இருக்கும்.

மூன்றாவது, வைத்திருந்தவர் யார் என்பது. பால் ஆலனின் சேகரிப்பு என்பதே அன்றைக்கு ஒரு முத்திரை. அந்த ஒரே இரவில் ஐந்து ஓவியங்கள் தலா 10 கோடி டாலரைத் தாண்டின. பணம் அறப்பணிகளுக்கு என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

செசானின் கைக்கு இப்படிப்பட்ட பணம் வந்ததே இல்லை. பாரிஸில் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடந்ததே 1895-ல்தான். அப்போது வயது 56. சொந்த ஊர் இன்னும் மோசம். தான் பதவியில் இருக்கும்வரை செசான் படம் உள்ளே வராது என்று ஏக்ஸ் மியூசியத்தின் அன்றைய இயக்குநர் பிடிவாதமாக இருந்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு அதே ஊருக்கு டூரிஸ்ட் வருவது செசானின் ஸ்டூடியோவையும் அந்த மலையையும் பார்க்க.

அப்போ காலண்டர் மலை மட்டமா?

நிச்சயமாக இல்லை. இரண்டின் வேலையும் வேற வேற.

காலண்டர் மலை, ஒரு வீட்டுக்குள் தெய்வத்துக்கு இடம் அமைத்துக் கொடுத்தது. மியூசியம் பக்கமே போகாத கோடிக்கணக்கான பேருக்கு, தினம் தேதி கிழிக்கும்போது கண்ணில் பட்ட ஓவியம் அது. வருஷம் முடிந்தும் தூக்கிப் போட மனசு வராமல் கண்ணாடி போட்டு மாட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்த மரியாதை எந்த ஏலத்திலும் கிடைக்காது.

செசானின் மலை வேற ஒன்றைச் செய்கிறது. 'உன் ஊரில் ஏற்கெனவே இருப்பதை நீ உண்மையிலேயே பார்த்திருக்கியா?' என்று கேட்கிறது.

கரிசல் பூமிக்கு இந்தக் கேள்வி முக்கியம். "காஞ்ச ஊரு, பாக்க என்ன இருக்கு?" என்று வெளியூர்க்காரங்க மட்டுமா சொல்றாங்க? நாமளும்தான் சொல்றோம். ஊட்டி, கொடைக்கானல் போனால்தான் இயற்கை என்று பழகிவிட்டோம். பார்க்க ஒன்றுமில்லை என்று நினைக்கிற இடத்துக்கு என்ன நடந்தாலும் நமக்கு உறைக்காது. அதே மாதிரிதான் ஓவியமும். காலண்டராக அச்சான படத்தின் மூலத்தை, கொண்டையராஜு கையால் வரைந்ததை, யார் எங்கே எப்படிப் பாதுகாக்கிறாங்க என்று கேட்க வேண்டியது கோவில்பட்டிதான். ஏக்ஸ் ஊர் தாமதமாகக் கற்ற பாடத்தை நாம் சீக்கிரமாகவே கற்கலாம்.

நீங்களே பார்க்க ஒரு சின்னப் பயிற்சி

ஓவியம் வரையத் தெரியணும் என்று இல்லை. அடுத்த தடவை கழுகுமலைப் பக்கம் போகும்போது இதைச் செய்து பாருங்க.

* ஊருக்குச் சற்று முன்னால், மலை முழுசாகத் தெரியும் இடத்தில் ஒரு போட்டோ எடுங்க. பிறகு போனை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பாருங்க. மலை எவ்வளவு வளர்கிறது என்று தெரியும்.

* பாறை என்ன நிறம்? சாம்பல் என்று உடனே சொல்லிடாதீங்க. காலை வெயில் படும் பக்கம் ஒரு நிறம், நிழல் பக்கம் வேறு நிறம். மழை பெய்து முடிந்தபின் இன்னொன்று.

* கரிசல் மண் கருப்புதானா? ஈரத்தில் ஒரு கருப்பு. கோடையில் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது அது சாம்பல் பூத்திருக்கும். உழுத சாலுக்குள் கொஞ்சம் நீலம் கூடத் தெரியலாம்.

* ஐப்பசி, கார்த்திகையில் உளுந்தும் பாசியும் பச்சை பிடித்து நிற்கும்போது ஒரு தடவை, சித்திரை வெயிலில் ஒரு தடவை பாருங்க. இடம் ஒன்று, படம் இரண்டு.

செசான் அந்த ஒரு மலைக்காகச் செலவழித்தது பல பத்து வருஷம். நம்ம பஸ் கழுகுமலையைத் தாண்ட சில நிமிஷம்தான் ஆகும். ஜன்னல் சீட் கிடைத்தால், அந்தச் சில நிமிஷம் மட்டும் இந்தப் போனைப் பையில் போட்டுட்டு வெளியே பாருங்க.